புதுக்கடை இறக்கம்

மதியம் ஒன்று ஐம்பது.
வழக்குகள் சோற்றுக்குக் கலைந்து
கறுப்புக் கோட்டுகள் தெருவைக் கடந்துகொண்டிருந்தன.
பெடலை மிதித்தேன்.
கால் போனது. போய்க்கொண்டே இருந்தது.
ஊறிய பாணை மிதித்தாற்போல்
அடித்தகடு வரைக்கும் ஒரு மறுப்பும் இல்லை.

பின்னால் பதினான்கு பிள்ளைகள்.
இல்லை, பதினைந்து. முன்சீட்டில் அஷ்ஃபா,
மடியில் பாதி உரித்த தோடம்பழம்.
கண்ணாடியில் அவர்களைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் கத்தியிருப்பேன்.

இன்னொரு தரம் மிதித்தேன். காற்று.
மூன்றிலிருந்து இரண்டுக்கு:
கிளச், நடுவில் ஒரு சொட்டு ஆக்சிலேட்டர்,
ஸ்டியரிங் தண்டில் லீவரைத் தேடி இழுத்து
கிளச்சை விட்டதும்
டொல்பின் வேன் முக்கியது.
பதினாறு கழுத்துகள் முன்னால் போய் வந்தன.
இருக்கைக்கு அடியிலிருந்து ஓர் ஊளை.

ஓடு என்றுதான் அதை இத்தனை நாளும் கேட்டிருக்கிறேன்.
ஓடாதே என்று கேட்டதில்லை.
டீசல் குடிக்காமல்
வெறும் காற்றை நெரித்து நெரித்து
சில்லுகளின் பிடரியைப் பிடித்துக்கொண்டது
இருபத்தாறு வருஷத்து எஞ்சின்.

"ஊஊஊம்" என்றான் நிலுபுல்.
துவாரகி மூக்கால் சேர்ந்துகொண்டாள்.
பிறகு எல்லோரும்.
எது வேன், எது பிள்ளைகள் என்று தெரியாத ஒரே முனகல்.
அஷ்ஃபா மட்டும் வாய் திறக்கவில்லை.
என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறக்கம் இன்னும் பாதி.
முன்னால் ஒரு நாட்டாமி, கைவண்டி நிறைய வெங்காயம்,
பாரத்தை முதுகில் வாங்கி
குதிகாலை ஊன்றி ஊன்றி இறங்குகிறான்.
இவனும் இரண்டாம் கியரில்தான் என்று
அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு.
ஹோர்ன் அடித்தேன்.
ஒதுங்கி, என் தாயைச் சிங்களத்தில் ஏசினான்.
அவ்வளவு இடம் போதுமாயிருந்தது.

ஒன்றாம் கியர் இலேசில் விழாது.
பல் நறநறத்து, பிறகு விழுந்தது.
கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக,
தூங்கும் பிள்ளையின் கையிலிருந்து
கத்தரிக்கோலை எடுப்பதுபோல்.

பஞ்சிகாவத்தையில் ஒரு கடை வாசலில் நின்றோம்.
கம்பியில் கோர்த்த பிரேக் டிரம்கள் தலைக்கு மேல்.
நீலப் பேசினுக்குள், எந்தெந்த வாகனத்திலோ கழற்றிய
மாஸ்டர் சிலிண்டர்கள்.
"என்ன வேணும்?" என்று கடைக்காரர் எழுந்து வந்தார்.
சிரிப்பு வரவில்லை. வலது கால் தன்பாட்டில் ஆடியது.
"அன்ரி, இன்னொருக்கா" என்றான் நிலுபுல்.

மூன்று கிழமைக்கு முன்னமே சொல்லியிருந்தார்
மெக்கானிக் ரஃபாய்தீன்: சீல் கசியுது, மாத்துங்க.
லீசிங் தவணைக்கு முந்தின நாள் அது.
பிரேக் ஒயிலை நிரப்பி மூடியை இறுக்கினேன்.
ஒவ்வொரு திங்களும் நிரப்பினேன்.
இதை எந்தத் தாயிடமும் சொல்லவில்லை.

பின்னேரம் அஷ்ஃபாவின் உம்மா அழைத்தா.
த்ரீவீலரில் ஏற்றி விட்டீங்களாம்,
நாற்பது நிமிஷம் பிந்தி, ஒரு கோல் இல்லை,
பொறுப்பு எண்டு ஒண்டு இருக்கா?

நாலாம் கியரில் வந்தது எனக்குப் பதில்.
ஆறு வருஷம், ஒரு கீறல் இல்லை, மழையில், ஊரடங்கில்,
எல்லாம் நாக்கு நுனி வரை உருண்டு வந்தது.
அவ சொன்னது சரி.
எவ்வளவு சரி என்றுதான் அவவுக்குத் தெரியாது.
மூன்றுக்கு இறக்கினேன். இரண்டுக்கு.
நெஞ்சுக்குள் அதே முனகல்.
"ஓம்" என்றேன்.
"பிரேக் போயிட்டுது. என்ர பிழை."

அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை.
வைத்துவிட்டாவா என்று ஃபோனைப் பார்த்தேன்.
விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இரவு, கட்டி இழுத்து வந்த வேனை
ஒழுங்கையில் கியரிலேயே விட்டு
ஒரு கல்லும் வைத்தேன்.
கூட்டலாம் என்று முன்சீட்டைத் தூக்கினால்
எஞ்சின் மூடியின் மேல்
காய்ந்து சுருண்டு கிடந்தன தோடம்பழத் தோல்கள்.
எஞ்சின் எப்போதோ ஆறியிருந்தது.
மணம் மட்டும் இன்னும் சூடாக.